தீர்ப்புக்கு முந்திய புத்தகம்

1953 ஏப்ரல் 13 அன்று லண்டனில் ஜொனாதன் கேப் பதிப்பகம் ஒரு புதியவரின் முதல் நாவலை வெளியிட்டது. விலை பத்தரை ஷில்லிங். அச்சிட்டது 4,728 பிரதிகள். பதிப்பகத்தின் தலைவருக்கு அந்த நாவல் மீது பெரிய ஆர்வம் இருக்கவில்லை. எழுதியவரின் அண்ணன் பீட்டர் ஃபிளெமிங் அப்போதே பேர்பெற்ற பயண எழுத்தாளர். அவர் எடுத்துச் சொன்னதும் காரியம் நடப்பதற்கு ஒரு காரணம். மேலுறை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதியவரே யோசித்துக் கொடுத்தார். நாவலின் பெயர் 'கசீனோ ராயல்'. எழுதியவர் இயன் ஃபிளெமிங். ஜேம்ஸ் பாண்ட் என்ற பெயர் உலகத்துக்கு அறிமுகமானது அந்தப் பத்தரை ஷில்லிங் புத்தகத்தில்தான்.

அதே பிரதி இன்று, மேலுறை கிழியாமல் நல்ல நிலையில் இருந்தால், பல்லாயிரம் பவுண்டுக்கு விலைபோகிறது. நடைபாதைக் கடையில் கிடைக்கும் பழைய பாக்கெட் புத்தகத்திலும் அதே கதைதான் இருக்கிறது. சீட்டாட்ட மேசையில் பாண்ட் அதே பணத்தைத்தான் ஜெயிக்கிறான். பிறகு எதற்கு இந்த விலை? விலையைக்கூட விட்டுவிடலாம், எதற்கு இந்த ஆசை? பழைய உளவு நாவல்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆகவே இது பிறரைக் குறை சொல்லக் கேட்கும் கேள்வி இல்லை.

சேகரிப்பவர் கைக்கு ஒரு புத்தகம் வந்ததும் அவர் கதைக்குள் போகமாட்டார். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்புவார். முதலில் வெளியான ஆண்டு மட்டும் அங்கே இருக்க வேண்டும். அதன் கீழே மறு அச்சு என்று ஒரு வரி வந்துவிட்டால் புத்தகத்தின் மதிப்பு சரிந்துவிடும். அடுத்தது மேலுறை. பரிசு கொடுப்பவர்கள் விலை தெரியக் கூடாது என்று உள்மடிப்பின் மூலையைக் கத்தரிப்பது வழக்கம். அந்த மூலை போயிருந்தால் அதற்கும் ஒரு தள்ளுபடி. மேலுறையே இல்லையென்றால் விலையின் பெரும்பகுதி போய்விட்டது. 1955இல் வந்த 'மூன்ரேக்கர்' நாவலின் 10ஆம் பக்கத்தில் ஒரு சொல்லின் கடைசி எழுத்து விடுபட்ட பிரதிகளும் உண்டு, விடுபடாத பிரதிகளும் உண்டு. இதில் எது முந்தியது என்று பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். ஃபிளெமிங் இறந்த பிறகு 1965இல் வெளியான 'த மேன் வித் த கோல்டன் கன்' நாவலின் சில பிரதிகளில் மட்டும் கெட்டி அட்டை மேல் தங்க நிறத்தில் துப்பாக்கி பொறித்திருக்கும். அந்தச் சில பிரதிகளுக்காக அலைபவர்கள் இருக்கிறார்கள். இந்த நுணுக்கங்களையெல்லாம் தொகுத்து ஜான் கில்பர்ட் 2012இல் பெரியதொரு நூலே வெளியிட்டார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பாதி உண்மைதான். ஆனால் இந்தப் பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. உளவு நாவல் பாதுகாத்து வைக்கப் பிறந்த பண்டமே இல்லை. ரயிலில் படிக்கவும், காய்ச்சலில் படுத்திருக்கும்போது புரட்டவும் எழுதப்பட்டது அது. இங்கிலாந்தில் பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம் 1966 வரை வாடகை நூலகம் நடத்தியது. புத்தக முதுகின் மேல்முனையில் ஒரு துளை போட்டு, அட்டையில் பச்சை நிறக் கேடய வடிவச் சீட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். அப்படிப் போன பிரதிகள் வீடு வீடாகச் சுற்றித் தேய்ந்தே முடிந்தன. மேலுறையைப் பொட்டலக் காகிதமாக நினைத்துத் தூக்கி எறிந்த காலம் வேறு. போதாக்குறைக்குப் போர். 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளில் லண்டனின் பதிப்பகத் தெருவான பேட்டர்நாஸ்டர் ரோ எரிந்தது. சுமார் ஐம்பது லட்சம் புத்தகங்கள் சாம்பலாயின. போருக்கு முந்திய உளவு நாவல்கள் மேலுறையோடு கிடைப்பது அரிதாகிவிட்டதற்கு இப்படிப் பல காரணங்கள்.

இங்கேதான் எனக்கு முதல் சங்கடம். சந்தை அதிக விலை வைப்பது யாரும் சரியாகப் படிக்காத பிரதிக்கு. முதுகு மடங்காமல், பக்கங்களில் விரல்பட்ட கறை இல்லாமல், பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். நூறு பேர் விடிய விடியப் படித்த நூலகப் பிரதிக்கு அங்கே மரியாதை இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்த புத்தகம் ஏழையாகவும், வேலையே செய்யாதது செல்வமாகவும் ஆகிவிடுகிறது. மனிதர்கள் விஷயத்திலும் இந்தக் கணக்கு நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

1985இல் தீக்கிரையாவதற்கு முன், சென்னை மூர் மார்க்கெட்டில் பேன் நிறுவனத்தின் பாண்ட் பாக்கெட் புத்தகங்கள் குவியலாகக் கிடைக்கும். அங்கே வாங்கிய சில இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. எந்த ஏலக்காரரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒன்றில் முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கொலைகளை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். படித்ததற்கான சாட்சி அது. நான் அதை அழிக்கவில்லை.

இருந்தாலும் முதல் பதிப்பின் மீதுள்ள ஆசை போகவில்லை. யோசித்துப் பார்த்தால் அதற்குக் காரணம் அரிய பொருள் என்பதைத் தாண்டிய ஒன்று. முதல் பதிப்புக்கு எதுவும் தெரியாது. தான் என்னவாகப் போகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

எர்ஸ்கின் சில்டர்ஸ் எழுதிய 'த ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்' 1903இல் வந்தது. உளவு நாவல் என்ற வகைக்கே முன்னோடிகளில் ஒன்று. ஜெர்மன் கடற்கரையில் படகோட்டப் போன இரண்டு ஆங்கிலேயர்கள், இங்கிலாந்தின் மீது படையெடுக்கும் திட்டத்தைக் கண்டுபிடிப்பது கதை. பிரிட்டனின் பாதுகாப்புக்காகக் கவலைப்பட்டு எழுதிய அதே மனிதர், 1914இல் தன் சொந்தப் படகில் அயர்லாந்தின் தொண்டர் படைக்குத் துப்பாக்கி கடத்தினார். 1922இல் அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் சுட்டுக்கொல்லப்படும் தண்டனை பெற்று இறந்தார். இன்று நாம் அந்த நாவலை எடுத்தால் அந்த முடிவு நமக்குத் தெரிந்தே படிக்கிறோம். 1903ஆம் ஆண்டுப் பிரதி அதைப் பற்றி வாய் திறக்காது.

ஜான் லெ காரெயின் முதல் நாவல் 'கால் ஃபார் த டெட்' 1961இல் கொலன்ஸ் பதிப்பகத்திலிருந்து வந்தது. அது புனைபெயர் என்பதோ, டேவிட் கார்ன்வெல் என்ற உண்மையான மனிதர் அப்போது அரசின் உளவுத்துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதோ கடையில் வாங்கியவருக்குத் தெரிய வழியில்லை. பிற்காலத்தில் உலகமே அறியப்போகும் ஜார்ஜ் ஸ்மைலி அதன் முதல் பக்கங்களிலேயே வருகிறார், குட்டையாக, தடிமனாக, யார் கண்ணிலும் படாதவராக.

பாண்டுக்கும் இதே கதைதான். 'கசீனோ ராயல்' 1954இல் அமெரிக்காவில் வந்தபோது நன்றாக ஓடவில்லை. அடுத்த ஆண்டு பாக்கெட் புத்தகமாக வேறு தலைப்பில் போட்டார்கள்; அதன் பின்னட்டையில் நாயகனின் பெயர் ஜிம்மி பாண்ட்! அந்தப் பெயர் எவ்வளவு பெரிய சொத்து என்று பதிப்பாளருக்கே தெரிந்திருக்கவில்லை.

இதைவிடச் சுவையான தகவல் லண்டன் பதிப்பின் மேலுறையில் இருக்கிறது. முதலில் வந்த மேலுறையின் உள்மடிப்பில் பாராட்டு எதுவும் கிடையாது. புத்தகம் வெளியாகி சண்டே டைம்ஸ் மதிப்புரை வந்த பிறகு, அடுத்த அச்சின் மேலுறையில் அந்தப் பாராட்டைச் சேர்த்தார்கள். சேகரிப்பவர்களுக்கு வேண்டியது பாராட்டு இல்லாத மேலுறை. பாராட்டு ஏறியதும் விலை இறங்கிவிடுகிறது. காசைத் தவிர வேறெதையும் மதிக்காத சந்தைகூட, தன்னையறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது: உலகம் தீர்ப்புச் சொல்வதற்கு முந்திய கணம்தான் விலைமதிப்புள்ளது.

ஆனால் அந்தக் கணத்தை இன்று விலைக்கு வாங்க முடியுமா? முடியாது என்பதுதான் என் எண்ணம். 1953இல் பத்தரை ஷில்லிங் கொடுத்தவர் தன் ரசனையை மட்டும் நம்பிக் கொடுத்தார். இன்று பல்லாயிரம் பவுண்டு கொடுப்பவர் எழுபது ஆண்டுத் தீர்ப்பைச் சேர்த்து வாங்குகிறார். காகிதம் ஒன்றுதான், செயல் வேறு. அறுவடையான நெல்லை மூட்டையாக வாங்கிப் போட்டுக்கொண்டு, விதைத்தவன் நானென்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஃபிளெமிங்தான் என்பது வேடிக்கை. அவரும் முதல் பதிப்புகளைச் சேகரித்தவர். 1930களில், பாண்ட் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னால், பெர்சி மியூர் என்ற புத்தக வியாபாரியின் துணையோடு அந்த வேலையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பணக்காரச் சேகரிப்பாளர்கள் கவிதையையும் இலக்கியத்தையும் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வேறு பாதையில் போனார். 1800க்குப் பிறகு ஏதாவது ஒன்றைத் தொடங்கிவைத்த புத்தகங்கள், அறிக்கைகள், கட்டுரைகள் அவருக்குப் போதும். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்', மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய அறிக்கை, அறிவியல் ஆய்வுக் கட்டுரைகள் என்று சேர்ந்தன. அவற்றில் பலவற்றை அப்போது தேடுவாரில்லை. 1963இல் லண்டனில் அச்சுக்கலையும் மனித சிந்தனையும் பற்றி நடந்த புகழ்பெற்ற கண்காட்சிக்கு, நாற்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை அவர் இரவல் கொடுத்தார். அந்தச் சேகரிப்பு இப்போது அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் இருக்கிறது. சந்தை மதிப்பு வைக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. எது முக்கியம் என்று தானே முடிவு செய்தார்.

நாம் வாழும் விதம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நாலு பேர் நல்லதென்று சொன்ன பிறகு படம் பார்க்கிறோம். பரிசு அறிவித்த பிறகு எழுத்தாளரைத் தேடுகிறோம். பதவி வந்த பிறகு பழைய வகுப்புத் தோழனின் அறிவு நமக்குத் தெரிய வருகிறது. நிச்சயத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

தீர்ப்புக்கு முன் தேர்ந்தெடுப்பதில் நஷ்டம் வராதா என்று கேட்கலாம். வரும். 1953இல் லண்டனில் வெளியான முதல் நாவல்களில் மிகப் பெரும்பாலானவை இன்று யாருக்கும் நினைவில்லை. அவற்றை வாங்கியவர்கள் ஏமாந்தவர்களா? என் கணக்கில் இல்லை. ஒரு மழைநாள் மாலை நல்ல கதையோடு கழிந்திருந்தால் பத்தரை ஷில்லிங் அன்றே கழிந்துவிட்டது. புகழ் பிறகு வந்திருந்தால் அது உபரி. உலகத்தின் தீர்ப்பு கடைசிவரை வராமலே போனாலும் நட்டமில்லை என்று தோன்றுவதைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் எனக்குத் தெரிந்த ஒரே விதி. புத்தகத்துக்கு மட்டுமில்லை, தொழிலுக்கும் நட்புக்கும் இது செல்லும்.

பழைய முதல் பதிப்புகளைத் தேடுவதை நான் விடப்போவதில்லை. அந்தத் தேடலில் வரலாறு கிடைக்கிறது, கண் கூர்மையாகிறது, சில நல்ல நண்பர்களும் கிடைக்கிறார்கள். ஆனால் மாதந்தோறும் புத்தகத்துக்கென்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் புதியவர்களுக்கென்று எடுத்துவைத்துவிடுகிறேன். நீங்களும் செய்யலாம். அடுத்த ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால், கூட்டமில்லாத ஒரு கடையில் நின்று, பெயரே கேள்விப்பட்டிராத ஒருவரின் முதல் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் படித்துப் பாருங்கள். பிடித்திருந்தால் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், முதுகு மடங்கினாலும் பரவாயில்லையென்று, முழுக்கப் படியுங்கள்.