ஐந்தாமவன்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்பன அவை. சென்ற ஆண்டு இத்திருவனந்தபுரத்து மருத்துவமனையொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பதினோர் இரவுகள் அமர்ந்திருந்தேன். இந்நான்கினுள் அடங்காத ஐந்தாமவன் ஒருவனைப் பற்றியே என் உள்ளம் எண்ணிக்கொண்டிருந்தது.

உள்ளே கிடந்தவர் என் சித்தி. நாகர்கோவிலிலிருந்து வந்து ஆறாண்டுகள் எங்களுடன் வாழ்ந்தவர். சிறுநீர்த் தொற்றாகத் தொடங்கியது குருதியிற் கலந்தது. இரத்த அழுத்தம் தாழ்ந்தது. செயற்கைச் சுவாசம் தேவையாயிற்று. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிளெப்சியெல்லா என்னும் கிருமியாம். கார்பபெனம் வகையைச் சார்ந்த உயர்தர மருந்துகளுக்கும் அது அசையவில்லை. எஞ்சியது கொலிஸ்டின்; சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சி வழங்கும் பழைய மருந்து. அதனையே தொடங்கினர்.

சித்தி முன்பு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை அடிக்கடி உட்கொண்டதுண்டா என்று மருத்துவர் மலையாளத்தில் வினவினார். இல்லை என்றேன். அது பொய். சளி என்றாலும் இருமல் என்றாலும் தெருமுனை மருந்துக் கடையில் சீட்டின்றி நான்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நானே. இரண்டில் தேறிவிட்டால் மீதி மேசை இழுப்பறைக்குப் போகும். ஊர்விட்டு வந்து வாழும் நம்மனோர் இல்லங்களில் இவ்வழக்கம் புதிதன்று. நாட்கூலி போய்விடுமே என்று மாத்திரை வாங்கும் தொழிலாளியை நான் குறைகூறேன். எனக்கோ விடுப்பு கணக்கில் மிகுதியாகவே இருந்தது.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அம்மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் எளியவற்றைக் கொன்று வலியவற்றை விட்டுவைக்கும். வலியவை பெருகி, தம் எதிர்ப்பாற்றலை அயலினத்துக்கும் கைமாற்றும். பிறகு கை வழியாகவும் கழிவுநீர் வழியாகவும் முன்பின் அறியாதவர் உடலுக்கும் செல்லும்.

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 டிசம்பரில் தம் நோபல் உரையில் கற்பனைக் குடும்பமொன்றைக் காட்டினார். தொண்டை வலிக்குக் கணவன் தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் உட்கொள்கின்றான். மருந்துக்குப் பழகிய கிருமி மனைவியைப் பற்றுகின்றது, அவள் இறக்கின்றாள். பொறுப்பு யாருடையது? கணவனுடையதே என்பது அவர் கருத்து.

என் வழக்கு அவ்வளவு தெளிவானதன்று. சித்தியைப் பற்றிய கிருமி என் மாத்திரையால் விளைந்ததா, பிறர் மாத்திரையால் விளைந்ததா என்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. பன்னிருவர் கையொப்பமிட்ட கோப்பில் பிழை நேர்ந்தால் பிழைத்தவர் எவருமிலர் என்பது குமாஸ்தா வாழ்வில் நான் கற்ற ஆறுதல். அக்கண்ணாடிக் கதவின் முன் அது செல்லுபடியாகவில்லை. அடுத்த கட்டிலில் ஓர் இளைஞன் கிடந்தான். அவன் தந்தை என்னருகே அமர்ந்து தம் சோற்றுப் பொதியில் எனக்கும் பங்கு தந்தார். நான் தின்னக் கொடுத்த மாத்திரைகளின் பயன் எங்கெங்கே போய்ச் சேர்ந்ததோ என்றெண்ணியபோது சோறு இறங்கவில்லை.

2018இல் கேரள அரசு இதற்கெனச் செயல் திட்டம் வகுத்தது. 2024 ஜனவரியில் ‘ஆப்பரேஷன் அம்ருத்’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கவும் தொடங்கியது. நன்றே. ஆயினும் சோதனை விற்பவனைத் தேடுகின்றது. வாங்குபவன் வீட்டு இழுப்பறை வரை அது வாராது.

பதினோராம் நாள் விடியலில் சித்தி காலமானார். காரியங்கள் முடிந்தபின் இழுப்பறையைத் திறந்தேன். மூன்று மாத்திரைகள் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அம்மருத்துவரிடம் சென்று, என் பழைய விடையைத் திருத்திக் கூறினேன். சற்றுநேரம் என்னை நோக்கியிருந்தார். பின்னர், எத்தனை ஆண்டுகளாக என்று வினவினார்.