பூவை வரைந்தவரும் சுமை சுமந்தவரும்

பண்ணைப்புரத்தில் வாழும் நமக்கு மேற்கு மலைத்தொடர் வாசலுக்கு எதிரே நிற்கிறது. வடகிழக்கே, பெரியகுளத்துக்கு மேலே, பழனிமலை. ஆயினும் அம்மலைகளின் காட்டுப்பூக்களுள் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? குறிஞ்சியையும் காந்தளையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் ஓர் ஆங்கிலப் பெண்மணி செடிகளைச் சேகரித்து, அவற்றை வரைந்தும் வந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பிரட் கிப்ஸ் போர்னின் துணைவியார் எமிலி அவர். 6,500 அடிக்கு மேல் வளரும் நீலகிரி, பழனிமலைப் பூச்செடிகளைப் பற்றி அக்கல்லூரியின் பைசன் என்பார் 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றின் படங்களுள் பல எமிலியும் பைசனின் துணைவியார் டயானா ரூத்தும் வரைந்தவை. நூலோ பைசனின் பெயரால் வழங்குகிறது. எமிலியையும் 'லேடி போர்ன்' என்றே குறிப்பிடுகின்றனர். கணவர் பெற்ற பட்டத்துக்குள் அவர் பெயர் மறைந்துபோயிற்று.

இவரைப் போற்றுவதா? ஆளும் இனத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதா? மோட்டார் சாலை வருமுன் பெரியகுளத்துப் பக்கமிருந்து மலையேறிய ஐரோப்பியர் பலரை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துச் சுமந்தவர்கள் நம் அடிவாரத்து ஏழைகள். தூரிகை பிடிக்க ஒரு கைக்கு ஓய்வு கிடைத்ததென்றால், அதன் விலையை வேறொரு தோள் செலுத்தியது. இன்றும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் பள்ளத்தாக்குப் பெண்களுக்குப் பூவருகே அமர நேரம் ஏது?

ஆயினும், சந்தைக்கும் மாலைக்கும் உதவாத ஒரு சிறுபூவின் முன் குனிந்து, அதன் இதழ்களை எண்ணி, உள்ளது உள்ளபடி வரைவதற்குத் தன்னை மறக்கவேண்டும். அதை அற்பமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த நன்மை, சுமந்தவனின் கடனைத் தீர்த்துவிடாது. அந்தக் கடனும் இந்த நன்மையைப் பொய்யாக்கிவிடாது. ஒன்றன் வரவை மற்றதன் செலவில் கழிப்பது, நமக்கு வசதியான தீர்ப்பாகலாம், நேர்மையான தீர்ப்பாகாது.

குற்றம் முழுவதையும் வெள்ளையர் தலையில் சுமத்தவும் இயலாது. யூகலிப்டசையும் சீகையையும் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். ஆனால் விடுதலைக்குப் பின் அவற்றைப் புல்வெளிகளெங்கும் பரப்பியது நம்முடைய வனத்துறையே. எமிலி குனிந்து பார்த்த செடிகள் அந்த நிழலில் மூச்சுத் திணறின.

எஞ்சியவற்றைத் தேடி, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைக் குரு மத்தேயு அடிகளார் பழனிமலை முழுதும் அலைந்தார். அவருடைய பழனிமலைத் தாவர நூல் 1999-இல் வெளிவந்தது. மலையில் தலைமுறைகளாய் வாழும் பளியர்கள் அதே செடிகளை அழைக்கும் பெயர்களை, அம்முதியவர்கள் இருக்கும்போதே நம்முள் யாரேனும் உட்கார்ந்து கேட்டு எழுதலாம்.