வாங்கிய படியாலேயே அளந்து திருப்புங்கள்

துவரங்குறிச்சியிலும் வளநாட்டிலும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய்க் கணினிப் பொறியியல் படிக்கும் மருங்காபுரி வட்டத்துத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு பேட்சாவது அனுப்பிவிட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். நல்ல ஆசை, விடாதீர்கள். ஆனால் கெர்னலுக்குள் இருக்கும் ஜிட் கம்பைலரில், அதுவும் ஸ்டாக்கைத் தொடும் இடத்தில் கை வைக்கும்போது, "ஓடுகிறது, போதும்" என்று அனுப்பிவிடாதீர்கள். ஏன் ஓடுகிறது என்று உங்களால் சொல்ல முடியாத எதையும் அனுப்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களுக்கு இ-பிபிஎஃப் என்று பெயர். வெளியிலிருந்து வரும் அந்த நிரலை வெரிஃபையர் முதலில் வரி வரியாகச் சோதிக்கிறது. 512 பைட்டுக்கு மேல் ஸ்டாக் கேட்டால் மறுக்கிறது, எல்லை தாண்டி எழுதினால் தடுக்கிறது. தேறிய பிறகுதான் ஜிட் அதைச் சில்லின் சொந்தக் கட்டளைகளாக மாற்றுகிறது. அந்தக் கட்டளைகளை அதற்குப் பிறகு யாரும் சோதிப்பதில்லை. வெரிஃபையர் எவ்வளவு கறாராக இருந்தாலும், ஜிட் எழுதியவரின் கவனக்குறைவு நேரே கெர்னலின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண நிரலில் ஸ்டாக் குலைந்தால் அந்த நிரல் மட்டும் விழும். இங்கே இயந்திரம் முழுவதும் விழும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 32 பிட் ஆர்ம் சில்லுகளுக்கான இ-பிபிஎஃப் ஜிட்டை 2017இல் ஷுபம் பன்சல் எழுதினார். லினக்ஸ் 4.14இல் அது சேர்ந்தது. எளிய வேலை அல்ல. இ-பிபிஎஃப்பின் ரெஜிஸ்டர்கள் 64 பிட், சில்லின் ரெஜிஸ்டர்களோ 32 பிட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேவை. சில்லில் இருப்பதே 16, அவற்றிலும் சில வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகவே பாதிக்கு மேற்பட்டவற்றை ஸ்டாக்கில்தான் வைத்து எடுக்க வேண்டும். இந்தச் சுமையைத் துணிந்து தோளில் ஏற்றிக்கொண்டவர் அவர்; அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. சோதனைத் தொகுப்பில் ஒன்றுகூடத் தோற்கவில்லை.

ஆனாலும் பிழைகள் இருந்தன. லினக்ஸின் ஆர்ம் பகுதியை 1990களிலிருந்து பராமரித்துவந்த ரஸ்ஸல் கிங், 2018 ஜனவரியில் அவற்றை வரிசையாகத் திருத்தினார். அந்தத் திருத்தங்கள் லினக்ஸ் 4.15இல் வந்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஓர் இ-பிபிஎஃப் நிரல் இன்னொன்றுக்கு டெயில் கால் வழியாகத் தாவும்போது, புதிய நிரலின் தொடக்கப் பகுதியை, அதாவது ப்ரோலாகை, தாண்டித்தான் உள்ளே நுழைகிறது. ஸ்டாக்கை மறுபடி அமைக்கும் சிக்கல் வேண்டாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. பழைய ஜிட், எந்த ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் பத்திரப்படுத்துவது என்பதை ஒவ்வொரு நிரலையும் பொறுத்துத் தீர்மானித்தது. முதல் நிரல் தன் கணக்குப்படி வைத்துவிட்டுத் தாவுகிறது. இரண்டாவது நிரல் முடியும்போது தன் கணக்குப்படி எடுக்கிறது. இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டில் பெரிய படியால் அளந்து அரிசி கைமாற்று வாங்கிவிட்டுச் சின்னப் படியால் அளந்து திருப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அழைத்தவர் நம்பி விட்டுச்சென்ற ரெஜிஸ்டர்களில் வேறு எதுவோ வந்து உட்காரும். திரும்பிப் போகவேண்டிய முகவரியே தவறிவிடக்கூடும். கெர்னல் ஊப்ஸ் என்று அலறி நிற்கும்.

தனி நிரலாக ஓட்டிப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. கணக்கு ஒத்துப்போகும் இரண்டு நிரல்களுக்கிடையே தாவினாலும் தெரியாது. கணக்கு வேறுபடும் இரண்டு நிரல்கள் சந்திக்கும் நாளில்தான் வெடிக்கும். ரஸ்ஸல் கிங் அங்கே ஒட்டுப் போடவில்லை. எல்லா நிரலுக்கும் ஒரே மாறாத ஸ்டாக் அமைப்பை வைத்தார். அதற்கு ஒரு ஃப்ரேம் பாயிண்டரை நிறுத்தி, முடியும்போது அதை வைத்தே பழைய மதிப்புகளை மீட்டார். சில ரெஜிஸ்டர்களை வீணாகச் சேமிக்க வேண்டிவரும்தான். அந்தச் செலவு தாராளமாகத் தகும்.

இன்னொன்று, ஸ்டாக் பாயிண்டர் நிற்கும் இடம். ஆர்மின் அழைப்பு மரபு அது எட்டு பைட்டின் மடங்கில் நிற்க வேண்டும் என்கிறது. நான்கு நான்கு பைட்டாகத் தள்ளும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையானால் மரபு உடைந்துவிடும். அப்படி நிற்கும் என்று நம்பித்தான் சி கம்பைலர் தன் கட்டளைகளை எழுதுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால் ஒரு சில்லில் உடனே விழும், இன்னொன்றில் எதுவுமே நடக்காததுபோல் ஓடும். உங்கள் மேசையில் இருக்கும் போர்டு இரண்டாவது வகையாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதனால்தான் சொல்கிறேன்: மரபை எழுத்திலிருந்து படியுங்கள், போர்டின் பெருந்தன்மையிலிருந்து ஊகிக்காதீர்கள்.

அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு கட்டளைகூட மாறாத பேட்ச். ஸ்டாக் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கமெண்டில் வரைந்திருந்த படம் உண்மையோடு ஒத்துப்போகவில்லை. அதையும் தனியாகத் திருத்தினார். திருத்தத்தையும் விளக்கத்தையும் ஒன்றாகக் குழைக்காமல் பிரித்து அனுப்பியதால், பின்னால் வந்து படிப்பவர் எதை ஏன் மாற்றினார் என்று தடுமாறத் தேவையில்லை. பொய் சொல்லும் படம் அடுத்து வருபவரைப் படுகுழியில் தள்ளும். ஸ்டாக் அமைப்பில் கை வைத்துவிட்டுப் படத்தை அப்படியே விடுபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இதே 4.15இல் வேறொன்றும் வந்தது. சில்லுகளின் ஸ்பெக்டர் பாதிப்பு வெளிப்பட்ட அந்த மாதத்திலேயே, ஜிட் இல்லாதபோது இ-பிபிஎஃப் நிரலை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரை முழுவதுமாக நீக்கி ஜிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் தேர்வு கெர்னலில் சேர்ந்தது. அப்படிக் கட்டிய கெர்னலில் ஜிட் தவறினால் பின்வாங்கிப் போக இடமே கிடையாது. 32 பிட் ஆர்ம் சில்லுகள் இன்னும் நம் வீட்டு ரௌட்டர்களிலும் பழைய கைபேசிகளிலும் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது. பேட்சின் அடியில் உங்கள் கையொப்பம் இருப்பதும் தெரியாது. இயந்திரம் நின்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இன்றிரவே ஒரு பேட்ச் அனுப்பத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். ப்ரோலாகையும் முடிவுப் பகுதியான எபிலாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே போன ஒவ்வொன்றும் அதே இடத்திலிருந்து வெளியே வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். டெயில் கால் தாவும் வழியைத் தனியே தாளில் நடந்து பாருங்கள். அந்தத் தாவல் தோற்றால் அடுத்த கட்டளைக்கே வருகிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் பழைய ஆர்ம் ஜிட்டில் அதுவும் தவறான இடத்துக்குத்தான் குதித்தது. பிழையை வரவழைக்கும் ஒரு சோதனையை எழுதி, உங்கள் திருத்தம் இல்லாமல் அது தோற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு திருத்தத்தைச் சேருங்கள். எந்தக் கமிட்டில் பிழை நுழைந்தது என்பதைத் தேடி, "ஃபிக்ஸஸ்" வரியில் அதன் எண்ணை எழுதுங்கள். அந்தக் கமிட் உங்களுடையதாக இருந்தாலும் எழுதுங்கள். பழைய கெர்னல்களைப் பராமரிப்பவர்கள் எந்தெந்தப் பதிப்புக்கு மருந்து தேவை என்று கண்டுகொள்ள அந்த ஒரு வரி உதவுகிறது.