விருந்தோம்புபவர் யார்?

மஸ்கெலியாவுக்கு அண்மையில், காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மலைகளில், பழைய துரை பங்களாக்கள் சில 2005ஆம் ஆண்டு முதல் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக விளங்குகின்றன. மலர்ப் பாத்திகள், கணப்படுப்பு, காலைத் தேநீர்: தோட்டத்து வாழ்வின் இனிமை யாவும் அங்கே விலைக்குக் கிடைக்கின்றன. களைத்தவர் ஓய்வு நாடுவதை நாம் குறை கூறோம். ஆயினும் ஒரு வினா எழுகிறது: அங்கே விருந்தோம்புபவர் யார்?

விருந்தோம்பலை இல்வாழ்க்கையின் பயனென வகுத்தார் வள்ளுவர். இல்வாழ்க்கைக்கு முதலில் இல்லம் வேண்டுமன்றோ? லயத்துக் காம்பரா தோட்டத்தின் உடைமை. தொழிலாளியின் உடைமை அன்று. வெள்ளைத் துரைமார் காலத்தில் வெளியார் லயத்தினுள் நுழையவும் துரையின் இசைவு தேவைப்பட்டது. மீறியவர்மேல் அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. தன் வாசலுக்கு வருவோரைத் தானே வரவேற்கும் உரிமைகூட உழைப்பாளிக்கு இருக்கவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. தோட்டங்கள் இங்ஙனம் கைமாறின; லயமோ அதில் வாழ்பவர் கைக்கு வரவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்றோர் உளர். லயத்திலேயே காத்திருப்போர் பலர்.

விருந்தினன் பணம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. அவன் அருந்தும் தேநீருக்குக் கொழுந்து பறித்தவளுக்குச் சொந்தக் கூரை உண்டா என வினவுதலும் அவன் கடமையே. காணி உறுதி அவள் கையில் இருக்குமாயின், அவளே தன் வாசலில் நின்று பயணியை வரவேற்பாள். அந்த வரவேற்பே விருந்தோம்பல், மற்றது வாணிபம்.