உடைந்த கலம் யாருடைய வினை?

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், அச்சிலிருந்து எடுத்த பச்சைக் கலங்களைப் பலகைமேல் அடுக்கி உலர்த்துமிடத்திற்குச் சுமந்து செல்வர். சூளை காணாத கலம் சிறு அதிர்ச்சியையும் பொறாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அவ்வாறு பலகை சுமந்த பெண்ணொருத்தி ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். கலங்கள் நொறுங்கின, அவள் கையும் முறிந்தது. கலங்களின் விலை அவள் கூலியிற் கழிக்கப்பட்டது.

இச்செய்தி நம் இல்லத்திற் பேசப்பட்டபோது, பெரியவர்களாகிய நாம் "அவள் முன்வினை" என்று சொல்லி அமைந்தோம். கல்லூரியிற் பயிலும் நம் வீட்டு இளைஞன் மட்டும், "தரையைத் துடையாமல் விட்டது யாருடைய வினை?" என்றான். அவன் வாயை அடக்கினோம். அதன்பின் அவன் நம்மோடு ஜினாலயம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

இதனை எண்ணுந்தோறும் சத்தாலபுத்தர் நினைவு எழுகின்றது. சுவேதாம்பர ஆகமமாகிய உபாசகதசாங்கம் கூறும் வரலாறு அது. நாம் திகம்பர வழியினர். அவ்வாகமத்தை நம் மரபு ஏற்பதில்லை. எனினும் மண்ணால் வாழும் ஊரிலிருப்போர் குயவர் ஒருவரின் கதையைக் கேளாமல் விடுவானேன்?

போலாசபுரத்துச் சத்தாலபுத்தர் பெருஞ்செல்வர். நகர்ப்புறத்தே 500 மட்கலப் பட்டறைகள் உடையவர். அவரிடம் கூலிக்கு உழைத்தோர் பலர். மற்கலி கோசாலரின் ஆசீவக நெறியே அவர் சமயம். யாவும் நியதிப்படி நிகழும், முயற்சியென ஒன்றில்லை என்பது அந்நெறி. ஒருநாள் வெயிலில் உலர்ந்த கலங்களைக் கண்ட பகவான் மகாவீரர், இவை முயற்சியால் ஆயினவா, முயற்சியின்றி ஆயினவா என்று வினவினார். முயற்சியின்றியே என்றார் குயவர். ஒருவன் இக்கலங்களைத் திருடினால், உடைத்தால், உம் மனைவி அக்கினிமித்திரையிடம் தகாது நடந்தால் என்செய்வீர் என்றார் பகவான். அடிப்பேன், கட்டுவேன், கொல்லவும் செய்வேன் என்றார் அவர். எல்லாம் நியதியாயின் அவனைத் தண்டிப்பது எங்ஙனம் பொருந்தும்? சத்தாலபுத்தர் தெளிந்தார். பகவான் அவரை அச்சுறுத்தவில்லை, ஆணையிடவில்லை. கேள்வி கேட்டார், அவ்வளவே.

நம் கலம் உடைந்தால் உடைத்தவனைத் தேடுகிறோம். பிறர் கை முறிந்தால் வினையைத் தேடுகிறோம். நீலகேசியின் ஆசீவகவாதச் சருக்கத்தைப் போற்றும் நாம், ஆசீவகரை நம் நாவிலேயே குடியமர்த்தியிருந்தோம்! அப்பெண்ணின் துன்பம் அவளுடைய அசாதா வேதனீயத்தின் உதயமே ஆகுக. தரையைத் துடையாதவர்க்கும், கூலியைக் கழித்தவர்க்கும், கேட்டு வாளாவிருந்த நமக்கும் அன்று புதுவினை ஊறியதன்றோ? வினை முயற்சியால் உதிரும் என்னாவிடில் நிர்ஜரை என்னும் தத்துவம் எதற்கு?

பின்னொரு நாள் கோசாலரே சத்தாலபுத்தரைத் தேடி வந்தார். குயவர் பழைய குருவை வணங்கவில்லை. ஆயினும் அவர் மகாவீரரின் பெருமையை எடுத்துரைக்கவே, தங்க இடமும் படுக்கப் பலகையும் அளித்தார். எம் ஆசானைப் புகழ்ந்தமையால் தருகிறேன், அறமென்று கருதியன்று என்பதையும் மறையாது சொன்னார். உள்ளத்தில் உறுதியுடையார்க்கு வேற்றுக் கொள்கையர் வரவால் அச்சமில்லை. நாமோ நம் பிள்ளையின் ஒரு கேள்விக்கு அஞ்சினோம்.

சென்ற மகாவீர ஜயந்தியன்று அவ்விளைஞனை அழைத்து வந்து, அக்கேள்வியை அனைவர் முன்னும் கேட்கச் சொன்னோம். கேட்டான். விடை கூற எவரும் முந்தவில்லை. கூட்டம் கலைந்தபின் இருவர் மட்டும் தங்கி, அப்பெண் எத்தெருவில் வசிக்கிறாள் என்று அவனிடம் விசாரித்தனர்.