வீட்டு வேலைக்குக் கூலி தரலாமா?

பாத்திரம் துலக்கினால் பத்து ரூபாய், துணி மடித்தால் ஐந்து ரூபாய் என்று விலை பேசிப் பிள்ளைகளை வீட்டு வேலையில் ஈடுபடுத்தும் பெற்றோர் உண்டு. உழைப்பின் மதிப்பையும் பணத்தின் அருமையையும் பிள்ளை ஒருசேர அறிந்துகொள்ளும் என்பது அவர்கள் கூறும் நியாயம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. கூலியில்லாத உழைப்பு எவர் கண்ணுக்கும் படாமல் போவதை நம் வீடுகளே மெய்ப்பிக்கின்றன. மக்கள் ஒரு நாளின் பொழுதை எவ்வாறு செலவிடுகின்றனர் எனக் கணக்கெடுத்த இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஈடுபட, ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்டவர்களுள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர்.

கூலிமுறைக்கு எதிரான வலிய சான்றும் இக்கணக்கிலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உழைக்கும் தாய்க்கு எவரும் காசு தராத வீட்டில், கால் மணி நேரம் பாத்திரம் துலக்கிய மகனுக்கு மட்டும் பத்து ரூபாய் கிடைக்குமானால், தன் உழைப்புக்கு விலை உண்டு, தாயின் உழைப்புக்கு இல்லை என்பதையே அவன் கற்றுக்கொள்கிறான். இது அநீதியைப் பயிற்றுவிப்பதாகும்.

புறத்திலிருந்து வரும் பரிசு அகத்தூண்டலை, அதாவது ஒரு செயலை அச்செயலுக்காகவே செய்யும் விருப்பத்தை, குறைக்கக்கூடும் என்பதை உளவியலும் காட்டியுள்ளது. ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கைதவறி விழுந்த துணிக்கிளிப்பை எட்ட முடியாமல் தவிப்பவருக்குப் பதினெட்டு மாதக் குழந்தைகளே அதை எடுத்துக் கொடுத்தனர்; 2008இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வில், உதவிக்குப் பொருள் பரிசாகப் பெற்ற இருபது மாதக் குழந்தைகள் பின்னர், பரிசு எதுவும் பெறாதவர்களைவிடக் குறைவாகவே உதவினர். துடைப்பத்தைத் தானே பற்றிக்கொள்ளும் இரண்டு வயதுக் குழந்தையை வேலை கெடும் என்று விரட்டிவிட்டு, பன்னிரண்டு வயதில் அதே பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசும் வீடுகள், இருந்த விருப்பத்தைத் தாமே அணைத்துவிட்டுப் பிறகு அதற்கு விலை தேடுகின்றன. சிந்துவதையும் உடைவதையும் சில ஆண்டுகள் பொறுத்துக்கொள்வது பெற்றோர் செய்ய வேண்டிய முதல் முதலீடு.

கூலியைவிடக் கேடானது, வேலையைத் தண்டனையாக்குவது. துப்புரவுப் பணியைக் குறிப்பிட்ட சாதியினர் தலையில் சுமத்தி இழிவுபடுத்திய ஒரு சமூகத்தில், குறும்பு செய்த பிள்ளையைக் கழிப்பறை கழுவச் சொல்வது அந்த இழிவையே அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறது.

பிள்ளைக்கு வீட்டில் கடமை உண்டு என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு ஜெர்மனி. பெற்றோரின் வீட்டில் வளரும் பிள்ளை, தன் வலிமைக்கும் நிலைக்கும் ஏற்ற விதத்தில் வீட்டுப் பணிகளில் பங்கேற்க வேண்டும் என்கிறது அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 1619ஆம் பிரிவு. மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. நம் வீடுகளிலோ, நாளைக்குப் போகிற வீட்டில் பேர் கெட்டுவிடக் கூடாது என்று மகளை அடுப்படிக்கு அழைப்பவர்கள், பொதுத்தேர்வைக் காட்டி மகனை விடுவிக்கின்றனர். மகளுக்கும் அதே தேர்வுதான் இருக்கிறது. தாம் உண்ட தட்டை எடுக்காத தந்தையர் மகனுக்குக் கூறும் அறிவுரையில் அறவலிமை எதுவும் இருக்க முடியாது.

கைச்செலவுப் பணம் தருவதில் தவறில்லை; அது குடும்ப வருவாயில் பிள்ளைக்குரிய பங்கு, வீட்டு வேலை குடும்ப உழைப்பில் பிள்ளைக்குரிய பங்கு, இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடாக்காதவரை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போல, வெளியாள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை வளர்ந்த பிள்ளை ஏற்றுச் செய்தால், அதற்குக் கூலி கொடுப்பதும் முறையே. ஆனால் அந்த வேலையை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் பிள்ளைக்கு இருக்க வேண்டும். தன் தட்டைக் கழுவுவதில் அந்த உரிமை மகனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை, தந்தைக்கும் இல்லை.