ரமோனாவுக்கு இன்னும் ஏழு வயது

1

விடுமுறைக்கு வந்த பேத்தி ஊருக்குப் போய் நாலு நாள் ஆகிறது. கட்டிலுக்கடியில் அவள் மறந்துவிட்டுப் போன புத்தகம் கிடந்தது. பெவர்லி கிளியரி எழுதிய ‘ரமோனா அண்ட் ஹெர் ஃபாதர்’. பாதியில் ஐஸ் குச்சி ஒன்றை அடையாளத்துக்குச் செருகியிருக்கிறாள். எடுத்து வைக்கலாம் என்று குனிந்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டேன்.

சின்னப் பிள்ளைகள் புத்தகம்தானே, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. எழுத்து எளிதுதான். நான்தான் அங்கங்கே நின்றுவிட்டேன்.

2

முதலில் நின்றது ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தில்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம், கிளிக்கிட்டாட் தெரு. ரமோனாவின் அப்பா குவிம்பி வேலை பார்த்த சின்ன நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிடுகிறது. அவருக்கு வேலை போய்விடுகிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர், மகளுக்குப் பிடித்த கம்மி மிட்டாயைக் கொண்டுவந்து கொடுக்கிறார். விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது.

வேலை இல்லை என்று கேட்டுவிட்டு வந்த மனிதர், வழியில் ஒரு கடை முன்னால் நின்றிருக்கிறார். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பார். சில்லறையைத் தடவிப் பார்த்திருப்பார். அந்தக் கடைக்குக் கிளியரி நம்மைக் கூட்டிப்போவதில்லை. மகளின் கண்மட்டத்தைவிட்டு அவர் எழுந்திருப்பதே இல்லை. அப்பாவின் மனசு கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலடிச் சத்தம் மட்டும் நமக்குக் கேட்கிறது.

3

ஐஸ் குச்சி இருந்த பக்கம்.

விளம்பரத்தில் நடித்துப் பத்து லட்சம் டாலர் சம்பாதித்து வீட்டைக் காப்பாற்றிவிடுவது என்று ரமோனா முடிவெடுக்கிறாள். தொலைக்காட்சியில் ஒரு பையன் கிரீடம் வைத்துக்கொண்டு வருகிறானே, அதுபோல. துணியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்களைக் கோத்துக் கிரீடம் செய்து தலையில் வைத்துக்கொள்கிறாள். அது முடியோடு சிக்கிக்கொள்கிறது. அப்பா சின்னக் கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்கிறார்.

இந்த இடத்தில்தான் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “தாத்தா, இங்க பாருங்களேன்!” என்று கூப்பிட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ‘உம்’ கொட்டினேன்.

இப்போது படித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை மட்டும்தான் தெரிகிறது. வேறு வேலை இல்லாததால் அவசரம் இல்லாத கை. பேத்தி பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்று பெருமைப்படவும் முடியவில்லை. அந்தக் கிரீடம் பலிக்கும் என்று ஒரு நிமிஷமாவது நம்ப அவளால் முடிந்தது. என்னால் முடியவில்லை.

4

கிளியரி 1916-இல் பிறந்தவர். 104 வயது வாழ்ந்து 2021-இல் மறைந்தார். ரமோனா வரிசையின் முதல் புத்தகம் 1955-இல் வந்தது. அதில் அவளுக்கு நாலு வயது. கடைசிப் புத்தகம் 1999-இல். அதில் பத்தைத் தொடுகிறாள். நாற்பத்து நாலு வருஷத்தில் அந்தப் பெண் வளர்ந்தது ஆறே வயது.

இந்தப் புத்தகம் 1977-இல் வந்தபோது கிளியரி அறுபதை எட்டியிருந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அவருடைய அப்பாவுக்கும் வேலை போனது. அவர் அப்போது சிறுமி. வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினால் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் கேட்கும். அதை அவர் அறுபது வயது வரைக்கும் மறக்கவில்லை.

ரமோனா அங்கேயே நிற்கிறாள். படிக்கிறவர்கள்தான் அவளைக் கடந்து போகிறோம். முதலில் அவள் வயது, அப்புறம் அவள் அக்கா பீஸஸின் வயது, அப்புறம் அப்பாவின் வயது. நான் அதையும் தாண்டிவிட்டேன். குவிம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். பேத்தியை அழைத்துப்போக வந்த அன்று அவன் கையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை.

5

என் வயதுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. ஸ்விங்க் என்று ஒரு மூதாட்டி. பள்ளிக்கூடக் கட்டுரைக்காக பீஸஸ் அவரிடம் அந்தக் காலத்துக் கதை கேட்கப் போகிறாள். டின்களில் துளை போட்டுக் கயிறு கோத்து, அவற்றின் மேல் ஏறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பாட்டி சொல்கிறார். அப்புறம் என்ன, ரமோனாவும் அவள் சிநேகிதன் ஹவ்வியும் தெருவெல்லாம் டங்கு டங்கென்று நடக்கிறார்கள். வேலை போன வீட்டில் பாட்டியால் எதையும் சரிசெய்ய முடியவில்லை. ஒரு சாயங்காலத்துக்கான சத்தத்தைக் கொடுத்தார்.

நாங்கள் கொட்டாங்கச்சியில் நடந்தோம். கண் வழியாகக் கயிற்றை விட்டு, உள்ளே குச்சி முடிந்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கயிற்றை இடுக்கிக்கொண்டு. முதல் நாள் விரலிடுக்கு எரியும்.

சமையற்கட்டில் இன்றைக்குத் தேங்காய் துருவியிருக்கிறார்கள். கண் இருக்கிற மூடி ஒன்றைக் கழுவி ஜன்னல் திண்டில் காயவைத்திருக்கிறேன். இன்னொரு தேங்காய் உடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐஸ் குச்சியை எடுத்த பக்கத்திலேயே திரும்பச் செருகிவிட்டேன்.